என்னைத் தபாலில் அனுப்பப் பார்த்த ஏரோப்ளேன் கிராணி

ஒரு தடவைகூட விமானத்தில் ஏறாமல் உலகம் முழுவதும் பறந்து முடித்தவர் யாராவது உண்டென்றால், அவர் வெள்ளைக்காரர் காலத்து மலாயாவில், லாயாங் லாயாங் என்ற ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதிய ஏரோப்ளேன் கிராணிதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அவரிடம் எந்த ஊருக்குத் தூரம் கேட்டாலும் தொலைந்தோம்.

"மூவாரா? ஏரோப்ளேன்ல போனா ஒரு மணி நேரம்கூட ஆகாதுய்யா."

"மூவார்ல ஏரோப்ளேன் எறங்குமா கிராணி?"

"எறங்காது. அது மூவாரோட தப்பு."

ஆபீஸ் சுவரில் இருந்த உலகப் படத்தில், சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு நூலை இழுத்துப் பிடிப்பார். "கப்பல்ல மூணு வாரத்துக்கு மேல. இதுல ஒரு வாரம், பத்து நாள்!" என்பார், தானே ஓட்டிப்போய் இறக்கிவிட்டு வந்தவர்போல.

ஒருநாள் விடியற்காலை, தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் விமானம் உறுமியது. அண்ணாந்து பார்த்தவர், அடுத்த பெயராக "லண்டன்!" என்று கத்திவிட்டார். "வந்துட்டேனுங்க!" என்று ஒருவர் கையைத் தூக்கினார். தோட்டத்துத் துரையே சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

நான் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெசர். என் மனைவி பிரசவத்துக்கு நாகப்பட்டினம் போயிருந்தாள். குழந்தை பிறந்துவிட்டது, தாய்க்கு ஜன்னி கண்டிருக்கிறது என்று தந்தி வந்தது. எத்தனையோ பேருக்கு ஜுரத்துக்கு மருந்து கொடுத்தவன், தந்தியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"கப்பல்ல ஒரு வாரம் ஆகும். எந்திரிங்க டிரெசரய்யா, மூணே நாள்ல மெட்ராஸ்ல எறக்கிடறேன்!" என்று கிராணி என்னை ரயிலேற்றிச் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போனார்.

விமானத்தில் இருந்த சொற்ப இடங்களும் துரைமார்களுக்குப் போய்விட்டன. கிராணி அசரவில்லை. நேரே விமானத் தபால் வாங்கும் இடத்துக்கு இழுத்துப்போனார். அங்கே இருந்த குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர்.

"தபால் பை ஏறுதில்ல சார்? இவரையும் அதோட சேர்த்துடுங்க. ஆளு ரொம்ப லேசு!" என்று சொன்னதோடு நில்லாமல், என்னைப் பார்சல் தராசில் ஏற்றி நிறுத்திவிட்டார்.

"இஞ்ச பாருங்கோ, ஆளுக்கு ஒட்டுற முத்திரை இன்னும் அச்சடிக்கேல்லை" என்றார் குமாஸ்தா.

"அலமாக், இதுக்கா யோசிக்கிறீங்க! சின்ன முத்திரையா நெறைய ஒட்டுங்க லா. நெத்தியில, முதுகுல, எங்க வேணும்னாலும் ஒட்டுங்க. இவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கிராணி மட்டும் சிரிக்கவில்லை. "அங்க ஒரு பொம்பள உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்குங்க" என்றபோது அவர் குரல் உடைந்தது. குமாஸ்தா எழுந்து வந்து, கைகொடுத்து என்னைத் தராசிலிருந்து இறக்கினார். அவராலும் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

கப்பலில்தான் போனேன். நான் போய்ச் சேருவதற்குள் அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

சில மாதம் கழித்துக் குழந்தையோடு சிங்கப்பூரில் வந்து இறங்கினோம். துறைமுகத்தில் கிராணி நின்றிருந்தார்.

"கப்பல்ல படாத பாடு பட்டுட்டேண்ணே. எத்தனை நாளு!" என்றாள் என் மனைவி.

போச்சு, ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கிராணி குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளானா என்ன தங்கச்சி? மூணு பேரா வந்தீங்களே."