ஊர் பேட்டரியெல்லாம் தலைவர் வீட்டில்

தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது கடிகாரக்காரர் அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. கடைசி வரிசையில், சுவரோரமாக, வலது கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்த குற்றம் அவ்வளவுதான்.

கண்ணை இடுக்குவது தொழிலால் வந்தது. பூதக்கண்ணாடியை வலது கண்ணில் செருகி, விழுந்துவிடாமல் இடுக்கிப் பிடித்தே கடிகாரங்களைப் பழுது பார்த்ததில், கண்ணாடியைக் கழற்றிய பிறகும் அந்தக் கண் இடுங்கியபடியே நின்றுவிட்டது. தெரியாதவர்கள் பார்த்தால் யாரையோ அடிக்கப் போகிறார் என்று நினைப்பார்கள்.

மேடையிலிருந்த மருந்துக்கடைக்காரர் அப்படித்தான் நினைத்தார்.

"ஊரை ஒட்டின காலி நிலத்துல லாரி லாரியா பேட்டரியைக் கொண்டுவந்து அடுக்கப் போறாங்களாம். ஒவ்வொண்ணும் ஒரு வீடு அளவு! பகல்ல மிஞ்சற கரண்டைப் பிடிச்சு வெச்சு சாயங்காலம் நமக்கே கொடுப்பாங்களாம். தீப்பிடிச்சா? போராட நமக்கு ஒரு தலைவர் வேணும். அதோ, அவர் முகத்தைப் பாருங்க! மனுஷன் எப்படிக் கொதிச்சுப்போய் உட்கார்ந்திருக்கார்!"

எல்லாத் தலைகளும் திரும்பின. கடிகாரக்காரர் எழுந்தார். "என்னை விட்டுடுங்க, நான் இதுக்கு சரிப்பட மாட்டேன்" என்று தெளிவாகவே சொன்னார். ஆனால் அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. பக்கத்துக் குளிர்பதனக் கிடங்கின் டீசல் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. அவர் சொன்னது அவருக்கே கேட்கவில்லை. இரண்டு கைகளையும் ஆட்டி மறுத்தார். பேட்டரியைத்தான் மறுக்கிறார் என்று கூட்டம் கைதட்டியது.

இதில் வேதனை என்னவென்றால், அந்த ஊரில் பேட்டரி நிலையம் வரவேண்டும் என்று மனதாரக் காத்திருந்தவர் அவர்.

குளிர்பதனக் கிடங்குக்கும் அவர் கடைக்கும் இடையே ஒரு சுவர்தான். மாலையானால் மின்சாரம் போகும், ஜெனரேட்டர் ஓடும், அவருடைய மேஜை நடுங்கும். எள்ளில் பாதியளவுள்ள திருகாணிகள் மேஜைமேல் ஊர்ந்து ஊர்ந்து விளிம்புக்கு வந்து, குதித்துவிடும். பிறகு அவற்றைத் தேடுவதே வேலை. நேரத்துக்குக் கடிகாரம் கிடைக்காமல் ஆட்கள் ஒவ்வொருவராக வேறு கடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேட்டரி வந்தால் மாலையில் மின்சாரம் நிற்காது, ஜெனரேட்டருக்கு வேலை இருக்காது என்று பேட்டரி வைக்கப்போகும் நிறுவனத்தின் இன்ஜினியர் ஊருக்கு வந்தபோது சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் கடையை ஓட்டி வந்தார்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. அன்று மாலை மனைவியின் காதருகே போய்க் கத்தினார்.

"என்னைத் தலைவராக்கிட்டாங்க!"

"மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். யாருக்கும் கேக்கல!"

"எனக்கும்தான் நீங்க பேசறது கேட்டு வருஷக்கணக்காச்சு. நானென்ன உங்களைத் தலைவராவா ஆக்கினேன்?"

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் தெருவே ஒரு பக்கம் நிற்கும்போது, எதிர்ப்பக்கம் தனியாக நிற்கிறவனிடம் யார் கடிகாரத்தை நம்பிக் கொடுப்பார்கள்? அவர் நீண்ட நேரம் யோசித்தார். தாமாக விலக முடியாது. அவர்களாகத் துரத்தினால் உண்டு. அதற்குக் கிறுக்குத்தனமாக ஏதாவது பேச வேண்டும்.

போராட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பேசினார்.

"ஊருக்குள்ள பேட்டரி வேணாம்னா, முதல்ல நம்ம வீட்டுல இருக்கற பேட்டரியைத் தூக்கிப் போடணும். இன்வெர்ட்டர் பேட்டரி, எல்லாம்."

அறையில் மௌனம் விழுந்தது. நல்ல நீளமான மௌனம். கடிகாரக்காரர் அதை மனதுக்குள் ரசித்தார். இதோ, யாராவது ஒருவர் சிரிப்பார், 'இந்த ஆளுக்கு மூளை கலங்கிடுச்சு' என்பார், குழு கலைந்துவிடும்.

மருந்துக்கடைக்காரர் கைதட்டினார். ஒருமுறை தட்டிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். உடனே எல்லோரும் தட்டினார்கள்.

"இன்வெர்ட்டரோட நிறுத்தினா எப்படி?" என்றார் டியூஷன் டீச்சர். "டார்ச், டி.வி. ரிமோட், சுவர்க் கடிகாரம், ஒண்ணு விடக் கூடாது." சொல்லிவிட்டு, ஒவ்வொருவர் முகத்தையும் எதையோ எதிர்பார்ப்பவர்போலப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. டீச்சர் பெருமூச்சோடு உட்கார்ந்தார்.

பேக்கரி வைத்திருக்கும் மச்சினன் எழுந்தான். "அத்தான், என் பையன்கிட்ட ஒரு பொம்மைக் கார் இருக்கு. அதையும் பிடுங்கிட்டு வந்துடறேன். அவன் அழுதாலும் பரவாயில்ல!"

"குழந்தைகிட்ட போய் எதுக்குப்பா..." என்றார் கடிகாரக்காரர்.

"கொள்கைன்னு வந்துட்டா குழந்தை என்ன, குட்டி என்ன அத்தான்!"

செல்போனைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அது தீர்மானத்தில் வராது என்பது பேசாமலே முடிவானது.

கைக்கடிகாரத்துக்குப் பட்டன் பேட்டரி மாற்றுவதுதான் தமக்கு மிச்சமிருந்த பிழைப்பு என்பது வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் கடிகாரக்காரருக்கு உறைத்தது. ஊரில் பேட்டரியை ஒழித்த கையோடு அவர் தம் கடையையும் ஒழித்திருந்தார்.

சேர்ந்த பேட்டரிகளை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. தலைவர் வீடு என்று ஒன்று இருக்கும்போது அது கேள்வியே இல்லை. கடையின் பின்னறையில் அடுக்கினார்கள். பெரியவை கீழே, நடுத்தரம் மேலே, சில்லறை எல்லாம் வாளியில். மருந்துக்கடைக்காரர் ரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவியின் பேட்டரியைக்கூடக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இனிமே யாருக்கு எவ்வளவு ஏறியிருக்குன்னு எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேட்டார் கடிகாரக்காரர்.

"முகத்தைப் பார்த்துச் சொல்லிடுவேன் தலைவரே. உங்களுக்கு ஏறியிருக்கு."

மனைவி பின்னறையை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"ஊர்ப் பொருள்."

"சுவருக்கு அந்தப் பக்கம் என் அடுப்பு எரியுது. பேட்டரி பக்கத்துல தீ இருந்தா வெடிக்கும்னு நீங்கதானே வீடு வீடாப் போய்ச் சொன்னீங்க?"

"நான் சொல்லல. நான் பக்கத்துல நின்னேன். மருந்துக்கடைக்காரர் சொன்னார்."

"நின்னாலே பாதி சொன்ன மாதிரிதான்."

அவர் குழுவிடம் போய், ஆபத்து, வேறிடம் பாருங்கள் என்றார். தலைவரின் பாதுகாப்பு உணர்வைக் குழு மெச்சியது. வேறிடம் பார்க்கவில்லை, பின்னறையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டது. மணல் வாளிகள் வந்தன. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை வந்தது. சூடாகாமல் இருக்க இரண்டு பெரிய மின்விசிறிகள் பொருத்தினார்கள். அவை மேஜையை இன்னொரு பக்கத்திலிருந்து நடுங்க வைத்தன. இப்போது திருகாணிகள் எந்த விளிம்பில் குதிப்பது என்று தெரியாமல் நடுமேஜையில் சுற்றிச் சுற்றி வந்தன.

இன்ஜினியர் முன்பு கொண்டுவந்து காட்டிய படத்திலும் இதே வேலி, இதே பலகை, இதே விசிறிகள்தான் இருந்தன. கடிகாரக்காரர் அதைக் கவனித்தார். சொல்லவில்லை.

கவனித்த வேறு சிலர் சொன்னார்கள். பின்தெருக்காரர்கள் திரண்டு வந்து, "குடியிருப்புக்கு நடுவுல பேட்டரிக் கிடங்கா?" என்று வாசலில் கோஷம் போட்டார்கள். குழு அச்சடித்த அட்டைகளையே கையில் பிடித்திருந்தார்கள். முன்வரிசையில் நின்று கோஷத்தை எடுத்துக்கொடுத்தது அவர் மனைவி.

"நீயுமா?" என்றார் ஜன்னல் வழியாக.

"அவங்களுக்கு ஒரு தலைவர் வேணுமாம். நான் சும்மாதான் நின்னேன்."

"சமையல்?"

"பன்னெண்டு மணிக்கு இடைவேளை விடுவோம். அப்ப வந்து வடிச்சிடறேன். அதுவரைக்கும் நீங்க வெளியில வராதீங்க. மரியாதை இருக்காது."

இடைவேளையில் வந்து சோறு போட்டாள். நன்றாகவே போட்டாள். சாப்பிட்டு அவர் கை கழுவி முடிப்பதற்குள் வாசலில் அவள் குரல் ஓங்கி ஒலித்தது. 'ஒழிக' என்ற சொல்லுக்கு முன்னால் வந்த ஆள் தாம்தான் என்பதை அவர் சற்றுத் தாமதமாகப் புரிந்துகொண்டார்.

கடையில் ஆள் வரவில்லை. வேலிக்கும் கோஷத்துக்கும் நடுவே புகுந்து வர, யார் கடிகாரமும் அவ்வளவு அவசரமாக நின்றுபோகவில்லை. நடுங்கும் மேஜைமுன் உட்கார்ந்து, காலியான கைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். இதற்கு ஒரே வழி, பேட்டரி நிலையம் சீக்கிரம் வந்து தொலைவது. வந்துவிட்டால் குழுவுக்கு வேலை இல்லை, குழு இல்லையென்றால் பின்னறை காலி, ஜெனரேட்டரும் ஓயும். வீட்டில் பேச்சுவார்த்தை திரும்பலாம். நல்ல பேச்சாகவே இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

மறுநாள் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, வெயில் ஏறி தெரு அடங்கிய நேரத்தில் கிளம்பினார். நேர்வழியை விட்டு, வயல்களைச் சுற்றிக்கொண்டு போனார். காலி நிலத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை. அதுதான் நிறுவனத்தின் அலுவலகம். வாசலில் காவலாளி நாற்காலியில் சாய்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இன்ஜினியரைப் பார்க்கணும்."

"என்ன விஷயம்?"

கடிகாரக்காரர் முன்னும் பின்னும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அந்த மௌனத்தில் காவலாளி இரண்டு விரல்களை முடித்துவிட்டார்.

"இந்த பேட்டரி சீக்கிரம் வரணும். எனக்கு முழு சம்மதம். அதை அவர் காதுல மட்டும் போடணும், வெளியில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது" என்றார் தாழ்ந்த குரலில். "ஏன்னா, நான் போராட்டக் குழு."

காவலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போராட்டக் குழுன்னா பின்வாசல் சார். மருந்துக்கடைக்காரர் உள்ள பேசிட்டிருக்கார், டீச்சரும் பேக்கரிக்காரரும் ஆளுக்கொரு மரத்துக்குப் பின்னாடி நிக்கறாங்க, நீங்க மூணாவது மரம்."