இருபது விளக்குக்கு ஐந்து கால்

இருபது சிவப்பு விளக்குகளும் எரியத்தான் செய்தன. ஆனால், அவை எரிகின்றன என்பது அருகில் சென்று உற்றுப் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரிந்தது.

"என்னப்பா, லோ வோல்டேஜா?" என்று கேட்டார் டாக்டர் ஆராவமுதன்.

பிரேசர் டவுனில் அவர் நடத்திவந்த நர்ஸிங் ஹோமில் படுக்கைகள் இருபது. தலைமாட்டிலுள்ள பொத்தானை அழுத்தினால், நர்ஸின் மேசைக்கு மேலிருக்கும் பலகையில் அந்தப் படுக்கைக்குரிய விளக்கு எரிய வேண்டும். இப்போது எரிந்தவை பொத்தானைத் தொடாமலே, சோதனைக்காக ஏற்றப்பட்டவை. லைசென்ஸைப் புதுப்பிக்கும் முன், இருபதும் பயன்பாட்டில் உள்ளனவா என்று பார்க்க ஓர் அதிகாரி சற்று நேரத்தில் வரவிருந்தார்.

பலகையைச் செய்தவன் கிளெமென்ட். பீன்யாவிலுள்ள கம்பெனியில் அவன் இன்னும் நிரந்தரமாகவில்லை.

"இன்னிக்கு சொதப்பினேன்னு வை, நாளைக்கு பீன்யா பஸ் ஏறாதே," என்று முதலாளி ஆம்ப்ரோஸ் வரும் வழியில் ஆட்டோவிலேயே சொல்லியிருந்தார்.

ஆம்ப்ரோஸ் வாங்கித் தந்த சிப்பில் விளக்குகளுக்கென மிஞ்சியவை, கம்பி இணைக்கும் ஐந்தே கால்கள். ஆகவே கிளெமென்ட் ஓர் உபாயம் செய்திருந்தான். ஒரு கணத்தில் ஒரே விளக்குதான் எரியும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அது தாவும் வேகத்தில், எல்லாம் சேர்ந்து எரிவதாகக் கண் நம்பிவிடும். ஏமாற்று வேலை என்று கருதிவிடுவாரோ என அஞ்சி, இதை அவன் முதலாளியிடம்கூடச் சொல்லவில்லை.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணு," என்றார் ஆம்ப்ரோஸ்.

கிளெமென்ட் ரெசிஸ்டர்களை மாற்றி மின்னோட்டத்தைக் கூட்டினான். சில பொத்தான்களை அழுத்திப் பார்த்ததும் அவற்றின் விளக்குகள் பளிச்சிட்டன. கூடவே, யாரும் அழைக்காத படுக்கைகளின் விளக்குகளும் மெல்லக் கண்விழித்தன.

ஆயா எல்லம்மா பன்னிரண்டாம் படுக்கைக்கு ஓடிப்போய்த் திரும்பினாள். "கூப்டவே இல்லியாம். தூக்கத்தைக் கெடுத்துட்டேன்னு கத்தறாரு."

கிளெமென்ட் வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் அமர்ந்து, ஒவ்வொரு விளக்குக்கும் இடையே சிறு இடைவெளி விடுமாறு புரோகிராமை மாற்றினான். பொய்யாக எரிந்தவை அணைந்தன. மெய்யாக எரிந்தவை துடிக்கத் தொடங்கின.

"கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி இருக்கேப்பா," என்று டாக்டர் கண்களைக் கசக்கினார். "நர்ஸுக்கு மயக்கம் வந்தா அவளை எங்க படுக்க வைக்கிறது?"

வேகத்தைக் கூட்டினான். துடிப்பு நின்றது. மூன்று பொத்தான்களை அழுத்திப் பார்த்தான். மூன்றும் ஒழுங்காக எரிந்தன.

"சார், இருபதையும் ஒண்ணா அழுத்தினா புரோகிராம் தாங்குமான்னு..." என்று இழுத்தான்.

"இருபது பேருக்கும் ஒரே நிமிஷத்துலயா மூச்சு வாங்கும்? சும்மா இரு," என்றார் ஆம்ப்ரோஸ்.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

அதிகாரி வார்டை ஒரு முறை சுற்றினார். இருபது படுக்கைகளிலும் ஆட்கள் போர்த்திப் படுத்திருந்தனர். அவர் திருப்தியுடன் தலையசைத்துவிட்டுப் பலகைக்கு எதிரே வந்து நின்றார்.

"நல்ல ஏற்பாடு. எல்லாரையும் ஒண்ணா அழுத்தச் சொல்லுங்க, பார்க்கலாம்."

கிளெமென்ட் விவேக் நகர்க் குழந்தை இயேசுவை மனத்துக்குள் அழைத்தான். அழைத்து முடிப்பதற்குள் இருபது பொத்தான்களும் அழுத்தப்பட்டன.

புரோகிராம் உறைந்துபோனது. தாவிக்கொண்டிருந்த ஒற்றை ஒளி ஏழாம் விளக்கில் அப்படியே நின்றுவிட்டது. மற்றவை இருண்டன. பங்குபோட ஆளின்றி மொத்த மின்சாரமும் தனக்கே கிடைத்ததால், ஏழு மட்டும் லாரியின் பிரேக் லைட் போலச் சிவந்து எரிந்தது. லேசான கருகல் வாடையும் எழுந்தது.

"ஏன்ரீ இது? என்னங்க, ஒண்ணே ஒண்ணு எரியுது?" என்றார் அதிகாரி.

ஆம்ப்ரோஸ் கிளெமென்டைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பீன்யா பஸ் அவனை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"எல்லாம் இந்தப் பையனோட தப்பு சார். மிஷின் தப்பா காட்டுது," என்று டாக்டர் முந்திக்கொண்டார்.

பழி சுமந்து நின்றவனைக் காணப் பொறுக்காமல் எல்லம்மா முன்னால் வந்தாள்.

"பாவம், அந்தப் புள்ளய வையாதீங்க சாமி. மிஷினு கரெக்டாத்தான் காட்டுது; ஏழுல இருக்கறவரு ஒருத்தர்தான பேஷண்ட்டு, மத்த பெட்டுல காலைலேர்ந்து படுத்திருக்கறதெல்லாம் நம்ம டாக்டரு வூட்டுச் சொந்தக்காரங்க."