பொடி இறாலும் பைசான் அண்ணன் கேட்ட பத்திரமும்

பெருமதிப்புக்குரிய பைசான் அண்ணாவுக்கு,

மகாச்சாயிலிருந்து தம்பி சுரசக் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரி மாலியும் நலம். அங்கு அண்ணியின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இறால் கிடங்கை விற்றுவிடலாம், பத்திரத்தை அனுப்பு என்று எழுதியிருந்தீர்கள். வியாபாரம் படுத்துவிட்டது, பர்மாக்காரர்கள் வேறு தாய்லாந்துக்கு வந்து நம் ஆட்கள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்றீர்கள். பத்திரத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். ஆனால் கையெழுத்துப் போடுமுன், போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கொஞ்சம் கேளுங்கள்.

நம் காய்ந்த இறாலில் பாதியை வாங்குகிற ஹாலந்துக்காரர் வில்லெம் அன்று நேரில் வந்தார். இந்த முறை கிடைத்ததெல்லாம் பொடி இறால், வாத்துத் தீவனத்துக்குத்தான் ஆகும், அதைப் பார்த்தால் மனுஷன் வேறு கிடங்குக்கு ஒரேயடியாகப் போய்விடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, இறால் தரம் பிரிக்கிற நிலார், பர்மாவில் தாவேய் ஊர்க்காரப் பெண், அந்தப் பொடி இறாலையே பூண்டும் மிளகாயும் போட்டு மொறுமொறுவென்று வறுத்து ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, "முதலாளி, எங்க ஊர்ல இது இல்லாம சோறு எறங்காது. அவர்கிட்ட காட்டுங்க" என்றாள். "போம்மா, இருக்கிற மானமும் போயிடும்" என்று பிடுங்கிக்கொண்டேன். அதற்குள் கார் வந்துவிட்டது. எங்கே ஒளிப்பது? வாசலில் நிலத்துச் சாமியின் குட்டிக் கோயில் கூண்டில், படையலாக வைத்த சிவப்பு சோடாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். சாமிக்கு வைத்ததை எவன் தொடுவான்?

வில்லெம் தொட்டார். வருகிறவர்களுக்கு ருசி பார்க்க வைத்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார் போல. விரலால் எடுத்து வாயில் போட்டார், மறுபடி போட்டார், காரம் ஏறியதும் சோடாவையும் குடித்தார். மாலி தலையில் கைவைத்துக்கொண்டு, "சாமி சாப்பாட்டையே தின்னுட்டாரே, இனி என்ன ஆகப்போகுதோ" என்றாள். நிலார் அசரவில்லை. "சாமிக்கு வேற வச்சிடலாம் அக்கா. இவருக்குச் சோறு போடுங்க, வெறும் வாயில தின்னா எரியும்." மூன்று தட்டு சாப்பிட்டார் அண்ணா. எழுந்திருக்கும்போது மாதம் நாலாயிரம் பாட்டில் கேட்டார். அப்பாடா என்று நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இப்போது பூண்டு உரிக்க மட்டும் தெருப் பெண்கள் ஒன்பது பேர் வருகிறார்கள், எல்லாரும் நம் ஆட்கள். சும்மா இருந்த உங்கள் மைத்துனர் சொம்போங் கூட லேபிள் ஒட்டுகிறார். நிலார்தான் மேற்பார்வை. "கோணலா ஒட்டாதீங்க மாமா" என்றால் முறைக்கிறார், ஆனால் நேராக ஒட்டுகிறார். யார் வயிற்றில் யார் அடித்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

இருந்தாலும் நீங்கள் மூத்தவர். விற்கத்தான் வேண்டும் என்றால் விற்போம். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் வீட்டில் எல்லா நலமும் நிறையட்டும்.

தங்கள் சொல் தட்டாத தம்பி,
சுரசக்

பி.கு.: பத்திரத்தை வைக்கவில்லை. பெட்டியில் அதைத் தேடியபோது, அப்பா சீனாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய அன்று அரசாங்கம் அவருக்குக் கொடுத்த அந்நியர் பதிவுச் சீட்டு கிடைத்தது. தொழில்: மீன்கூடை தூக்குதல். உடைமை: பாய் ஒன்று. அடியில் யாரோ ஓர் அதிகாரி, 'இவரால் நாட்டுக்குப் பெரிய பயன் இருப்பதாகத் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதைத்தான் உறையில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்றால், அந்த அதிகாரியின் கையெழுத்துக்குக் கீழே போடுங்கள்.