எண்ணூர்க் கடலில் கத்தாத அலாரம்

மாமியார் வீட்டில் நமக்குத் தெரிந்த தொழிலைக் காட்டக் கூடாது. இதை நான் நடுக்கடலில்தான் கற்றுக்கொண்டேன்.

எங்களுடையது காதல் கல்யாணம். டிவி ரிப்பேர் செய்கிற வியாசர்பாடிப் பையனை, மனைவியின் மீனவ ஊரான நெட்டுக்குப்பத்தில் யாரும் மாப்பிள்ளையாக மதிக்கவில்லை. அதனால் என் மனைவியின் அண்ணன் தேசப்பனுடைய ஃபைபர் படகுக்கு, அடியில் தண்ணீர் ஏறினால் கத்துகிற அலாரம் செய்து அசத்த நினைத்தேன். (கேட்டது யார்? ஒருவரும் இல்லை.)

சர்க்யூட் போர்டையும் நானே செய்தேன். இரண்டு பக்கமும் செம்புக் கோடுகள் ஓடுகிற போர்டு. கம்பெனி போர்டில் துளைக்குள்ளேயே உலோகப் பூச்சு இருப்பதால் மேலும் கீழும் இணைந்திருக்கும். வீட்டில் செய்வதில் ஒவ்வொரு துளையிலும் செம்புக் கம்பித் துண்டை நுழைத்து, இரு பக்கமும் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். பாதியில் கம்பி தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகச் சோம்பல். தேசப்பனின் தூண்டில் பெட்டியில் மெல்லிய ஸ்டீல் கம்பி பளபளவென்று கிடந்தது. பெரிய மீன் கடித்தாலும் அறாத கம்பி, இதைவிட உறுதி வேறென்ன வேண்டும் என்று நினைத்த மேதை நான்தான். ஸ்டீலில் ஈயம் ஒட்டாது, சும்மா பக்கத்தில் உருண்டையாக உட்காரும். உருண்டைகள் அழகாக இருந்ததால் நான் சந்தேகப்படவில்லை.

வாளித் தண்ணீரில் வைத்துக் காட்டினேன், கத்தியது. மாமியார் அன்றைக்குத்தான் முதல்முறையாக என் தட்டில் நண்டு வைத்தார். அந்தத் தெம்பில் தேசப்பனோடு நானும் படகேறினேன்.

எஞ்சின் அதிர்ந்த அதிர்வில் கம்பிகள் துளைக்குள் ஆட்டம் கண்டு, தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. அடிக்கடி அடிப்பலகையை நீக்கிப் பார்க்கிற மனிதர், அன்று என் அலாரத்தை நம்பி வலையிலேயே கண்ணாக இருந்துவிட்டார். படகின் பின்பக்கத் துளையின் அடைப்பு கழன்று, தண்ணீர் பலகைக்கு மேலே வந்து காலில் பட்டபோதுதான் திரும்பினார்.

"இன்னா மாப்ள, தண்ணி கணுக்கால் வரிக்கும் கீது, உன் பொட்டி தூங்கிகினு கீது?"

நான் பெட்டியைத் திறந்து போர்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அலறியது. விரலை எடுத்தேன், அடங்கியது. மறுபடி அழுத்தினேன். படகு முழுகினாலும் சரி, அது கத்தினால் போதும் என்றிருந்தது எனக்கு.

"தண்ணி வந்துட்ச்சுன்னுதான் தெரியுதே. வெரல எட்த்துட்டு மொண்டு ஊத்து மாப்ள."

மொண்டு ஊற்றினேன். அவர் துணியைத் திணித்து அடைத்தார். என் அசத்தலுக்கு இந்த மனிதரின் உயிர் போயிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. கரை வரும்வரை அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பிறகு செம்புக் கம்பி போட்டு, ஒவ்வொரு துளையையும் இரு பக்கமும் ஒழுங்காகப் பற்றவைத்துக் கொடுத்தேன். இன்றைக்கும் படகில் அது வேலை செய்கிறது. ஆனாலும் தேசப்பன் பலகையை நீக்கி, காலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவார். அந்தப் பழக்கம் வீடு முழுக்கத் தொற்றிவிட்டது. பால் கெடவில்லை என்று நான் சொன்னால்கூட, மாமியார் மகளிடம் நிதானமாகச் சொல்கிறார்: "எதுக்கும் கால வுட்டுப் பாத்துக்கோ."