கவுளிக்குப் பதில் கழுதைத் தாடை

ஒரு பெண் "இன்னொருக்காத் தட்டுங்க" என்று கேட்டால், அது தட்டுகிற பொருள்மேல் உள்ள ஆசையல்ல, தட்டுகிறவன்மேல் உள்ள ஆசை என்று இருபது வயதில் நான் முழுமனதாக நம்பினேன். (வேறு எதை நம்பவும் அந்த வயதில் வசதிப்படவில்லை.)

தட்டிய பொருள் ஒரு கழுதையின் தாடையெலும்பு. சிரிக்க வேண்டாம், அது வாத்தியம். கொழிஞ்சாம்பாறையில் சாமான் கடை வைத்திருந்த ராவுத்தரின் மச்சினன் கப்பலில் சமையல்காரர். ஏதோ தூரதேசத்துத் தீவில் இதைத் தட்டித்தான் பாடுவார்களாம், ஒன்றை வாங்கி வந்துவிட்டார். நன்றாகக் காய்ந்த எலும்பு. பற்கள் குழியிலேயே ஆடிக்கொண்டிருக்கும். ஒரு முனையைப் பிடித்து மறுபக்கத்தைக் கையால் தட்டினால் அத்தனை பல்லும் சேர்ந்து கடகடக்கும். "கழுதப்பல்லு ஊட்டுல இருந்தா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்" என்று ராவுத்தரின் மனைவி சொல்லிவிட, அது என்னிடம் வந்து சேர்ந்தது.

பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்ப மாமாவின் மகள் வள்ளியாத்தாள் வேலியோரம் நின்று கேட்டு, மூன்று தடவை "இன்னொருக்கா" என்றாள். எனக்கு முறைப்பெண்தான். மாமாவிடம் போய்ப் பெண் கேட்க வேண்டியது ஒன்றே பாக்கி. இரண்டு வருடமாக அவர் வாசல்வரை போய், "ஏர் இருக்குதுங்களா மாமா?" என்று கேட்டு, ஏரை வாங்கிக்கொண்டு திரும்பினேன். (எங்களிடமே மூன்று ஏர் இருந்தது.)

அதற்குள் மலைமேலிருக்கும் உடும்பஞ்சோலையிலிருந்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் பெண் கேட்டு வந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஜாதகம் பொருந்தினாலும் கவுளி கேட்காமல் வெற்றிலைபாக்கு மாற்றமாட்டார்கள். கவுளி என்றால் பல்லிதான். குடும்பத்தோடு சாமியைப் பார்த்து உட்கார்ந்து காத்திருப்பார்கள். வலப்பக்கம் சத்தம் கேட்டால் சாமிக்குச் சம்மதம். இடப்பக்கம் கேட்டால் வேண்டாம் என்று அர்த்தம். மாப்பிள்ளை மலையேற வேண்டியதுதான்.

தாடையெலும்பை விரல்நுனியால் மெல்லத் தட்டினால் அச்சு அசல் கவுளிச் சத்தம். பெண் கேட்கத் தைரியமில்லாதவனுக்கு வேறென்ன யோசனை வரும்?

வெள்ளிக்கிழமை காலை, நல்லேப்பிள்ளி போகிற வழியில் வயலுக்கு நடுவே இருந்த அம்மன் கோயிலுக்கு அவர்களுக்கு முன்பே போய், பின்சுவரை ஒட்டிய அரளிப் புதருக்குள் பதுங்கினேன். அப்புறம்தான் புத்தியில் உறைத்தது: கழுதை எலும்போடு கோயிலில் இருக்கிறேன்! தெரிந்தால் கோயிலைக் கழுவுவதற்கு முன் என்னைக் கழுவிக் காயப்போட்டிருப்பார்கள். கட்டெறும்பு வேட்டிக்குள் ஏறியது.

மாமா, அத்தை, நடுவில் வள்ளியாத்தாள், மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். நிஜக் கவுளி ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. நான் இடது ஓரமாக நகர்ந்து, மெல்லத் தட்டத்தான் நினைத்தேன். எறும்பு கடித்த வேகத்தில் மரப்பாலத்தில் மாட்டுவண்டி ஓடியதுபோல் கேட்டது.

"என்னுங்க இது, கவுளிக்குச் சளி புடிச்சிருக்குதா?" என்றாள் அத்தை.

"அம்மங் கோயில் கவுளி அப்படித்தாஞ் சொல்லும். நீ பேசாம இரு" என்றார் மாமா. "எந்தப் பக்கம் கேட்டுச்சு? எனக்குத்தான் காது மந்தமாச்சே. அம்மிணி, நீ சொல்லு."

"வலப்பக்கமுங்கப்பா" என்றாள்.

பொய் என்று கத்த வாயைத் திறந்தேன். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். அவர்கள் சாமியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நான் சாமிக்குப் பின்னாலிருந்து அவர்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என் இடது அவர்களுக்கு வலது. எழுந்து போய் விளக்கலாம்தான்; கையில் கழுதை எலும்பு இருக்கிறதே! எறும்புகளோடு புதரிலேயே இருந்துவிட்டேன்.

தை மாதம் அவளுக்கும் ஏலக்காய் வியாபாரிக்கும் கல்யாணம் நடந்தது.

இந்தக் கதை இப்போது என் வீட்டுச் சொத்து. யாராவது வழி கேட்டு வந்தால் என் மனைவி அடுப்பை விட்டுவிட்டு ஓடிவருவாள்: "ஏனுங்க, அவுருகிட்டக் கேக்காதீங்க. பொள்ளாச்சி எங்கன்னா மூணாத்துக்கு அனுப்பி வெச்சிருவாரு!" பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவர்களுக்கு நான் சொல்லாதது ஒன்று உண்டு. பல வருடம் கழித்துக் கொழிஞ்சாம்பாறை பஸ் நிறுத்தத்தில் வள்ளியாத்தாளைப் பார்த்தேன். முன்தலையில் நரை. அவள் பையன் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

"அன்னிக்குத் தட்டுனது நீங்கதான்னு எனக்குத் தெரியுமுங்க மாமா" என்றாள்.

"தெரிஞ்சுமா வலப்பக்கம்னு சொன்னே?"

"வலப்பக்கந்தானுங்களே தட்டுனீங்க? என்னைப் போகச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

பஸ் வந்தது. அவள் பெட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு இறங்கினேன்.

நடந்தது இவ்வளவுதான்: இடப்பக்கம் கேட்க வேண்டும் என்று அன்று அவளும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.