ஆற்று மண்டபத்துக்கு நான் கேட்டு வாங்கிய சுவர்

நான் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட எதுவும் உருப்பட்டதில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பின்னால் படவேண்டிய வெட்கம் கொஞ்சம் குறையும்.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் மூன்றாம் பாரப் பரீட்சை. மைக்கூடு கவிழ்ந்துவிடுமோ என்று பயந்து, அதை இடது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே எழுதினேன். கவிழ்த்தது அந்த இடது கைதான். விடைத்தாள் முழுக்கக் கறுப்பு. படிப்பு அன்றோடு சரி. (“நீ எழுதினதுக்கு மையே பரவால்லைலே” என்றார் வாத்தியார்.)

ஜெர்மன் சண்டைக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, தாலுகா போர்டில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று போர்டுக்கு மேலிருந்து காகிதம் வந்திருந்தது. அவர்களும் தேடிப் பார்த்து ஒரு பதினாறு கால் மண்டபத்தைப் பிடித்தார்கள். வண்ணார்பேட்டையிலிருந்து ஆற்றோடு கிழக்கே இரண்டு மணி நேரம் நடந்தால் ஓர் ஓடத்துறை வரும். அங்கே தண்ணீரை ஒட்டி நின்றது அது. அதற்குக் காவல்காரன் நான். என்னை ஏன் எடுத்தார் என்பதை ஓவர்சீயர் ஒளிக்கவில்லை.

“ஏலே, நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பய. சாமி கும்பிட வந்தவன்னு ஒருத்தனுக்கும் எரக்கம் காட்ட மாட்டே. விரட்டுததுக்கு நீதாம்லே சரி. ஒரு கல்லு பேந்துச்சுன்னு வையி, உன்னைய உள்ள தள்ளிருவேன்.”

மார்பின் குறுக்கே டவாலிப் பட்டை, டவாலியில் பித்தளை வில்லை. மண்டபத்துக்கு மேட்டுப்பக்கம் ஓர் இரும்புப் பலகை நட்டார்கள்: ‘இதற்குச் சேதம் விளைவிப்போர் தண்டிக்கப்படுவர்.’ அதைப் படித்து நடுங்கிய ஒரே ஆள் நான்தான். மற்றவர்களுக்குப் படிக்கத் தெரியாது.

மண்டபத்துக்குச் சுவரே கிடையாது. மேலே கூரை, கீழே தூண்கள், நாலு பக்கமும் திறப்பு. ஓடத்துக்குக் காத்திருக்கிறவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். கஞ்சி காய்ச்சுவார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தூணில் தடவுவார்கள். ஆடுகள் முதுகு சொறிந்துகொள்ளும். ஓடக்காரர் சுடலை தன் கயிற்றை மூலைத் தூணில்தான் கட்டுவார். அந்தத் தூணில் ஒரு குரங்கு தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு முழிக்கிற மாதிரி செதுக்கியிருந்தது. (என் ஜாடை என்று துறையில் பேச்சு.) கயிறு உரசித் தூண் தேய்ந்து, தூண் தேய்ந்து கூரை சரிந்து, கூரை சரிந்து நான் ஜெயிலுக்குப் போவதாக மனம் ஓடும். சோறு இறங்காது.

வாரம் தவறாமல் போர்டு ஆபீசுக்கு நடந்துபோய் ஓவர்சீயரிடம் முறையிட்டேன். ஆடு, புகை, கயிறு, எச்சில். கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை.

“உனக்கு இப்ப என்னதாம்லே வேணும்?”

“நாலு பக்கமும் கூரை மட்டுக்கும் சுவரெடுத்து, ஒரு கதவு வச்சு அடைச்சிட்டா நிம்மதி ஐயா.”

அவர் யோசித்தார். “சரி. செங்கல்லும் மண் சாந்தும் போதும்.”

அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். “மண்ணு மழையில கரைஞ்சிரும் ஐயா. சுண்ணாம்புச் சாந்துன்னா கல்லு மாதிரி நிக்கும்” என்றேன். பரீட்சையில் மைக்கூட்டைப் பிடித்த அதே இடது கை அப்போது என் டவாலியைப் பிடித்திருந்ததாக ஞாபகம்.

கொத்தனார்கள் சுவரெழுப்பும்போது சுடலை வந்து நின்று பார்த்தார்.

“என்னவே, ஆத்துக்கு அணையா கட்டுதீரு?”

“மண்டபத்துக்குப் பாதுகாப்பு. போர்டு உத்தரவு.”

“இம்புட்டுத் தூணு நிறுத்தினவனுக்குச் சுவரு வைக்கத் தெரியாதாக்கும்? பெருவெள்ளம் வந்தா இங்கன நுழைஞ்சு அங்கன போயிரணும்னுதாம்வே தொறந்து விட்டிருக்கான். தண்ணிகிட்ட போர்டு உத்தரவக் காட்டுவீரோ?”

எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவன் இதற்கும் கவலைப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. என் கவலையெல்லாம் மனிதர்கள் மேல் இருந்தது; ஆற்றுக்கு இடமில்லை. சுவர் முடிந்தது. கதவுக்கு ஒரு பூட்டு போதாதென்று இரண்டு போட்டேன்.

ஐப்பசி மழை பிடித்தது. மண்டபத்துக்குள் பொட்டு ஈரம் இல்லை. ஓடத்துக்கு வந்தவர்கள் சுவருக்கு வெளியே வரிசையாக நனைந்தார்கள். அவல் விற்கிற மாடத்தி கைப்பிள்ளையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து கேட்டாள்:

“மழை விடுதமட்டும் பிள்ளைய உள்ள வச்சுக்கிடுதேன், கதவத் தொறங்க.”

“உத்தரவில்லை.”

“கல்லு நனையக் கூடாது, பிள்ளை நனையலாமாவே?”

பலகையைக் காட்டினேன். காட்டிய அந்தக் கையை இன்று வெட்டிப் போடலாம்.

கார்த்திகையில் ஒரு காலை, மேற்கே மலையில் கொட்டிய தண்ணீரெல்லாம் ஒன்றாக இறங்கிவந்தது. வேரோடு பிடுங்கின மருதமரம், வைக்கோற்போர், செத்த மாடு எல்லாம் மேற்குச் சுவரில் வந்து முட்டி நின்றன. மண்டபத்துக்குக் கிழக்கே தண்ணீர் என் இடுப்பளவு. மேற்கே ஓராள் உயரம். வழி விடு, வழி விடு என்று முட்டுகிறது ஆறு. சுண்ணாம்புச் சாந்து கல் மாதிரி நிற்கிறது.

கிழக்குப் பக்கக் கதவைத் திறந்தாலாவது உள்ளே ஏறின தண்ணீர் கொஞ்சம் வடியும் என்று மேட்டிலிருந்து இறங்கி ஓடினேன். முதல் பூட்டு திறந்தது. இரண்டாவது திறக்கவில்லை. இழுத்த தண்ணீரில் சாவி துவாரத்துக்குள் போகவே மாட்டேன் என்கிறது.

“செத்துப் போவீரு, விடும்வே!” சுடலை பின்னாலிருந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். வேட்டி அவர் கையோடு போயிற்று. அடுத்த இழுப்புக்குத் தலைமயிரைப் பிடித்தார். கரையில் என்னைப் போட்டதும் ஒரு சத்தம் கேட்டது. சுவர் தனியாக விழவில்லை; பதினாறு தூணையும் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தது. வாலைப் பிடித்த குரங்கு கடைசியாகப் போயிற்று.

கோவணமும் டவாலியுமாக, கையில் இரண்டு சாவியோடு நின்றேன். பித்தளை வில்லைக்கு ஒரு கீறல் இல்லை. அக்கரையில் ஒருவன் கும்பிடு போட்டுச் சிரித்தான். மாடத்தி சிரிக்கவில்லை. “இனி எங்கன ஒதுங்குவோம்?” என்றாள், என்னைப் பார்க்காமல்.

சுடலைதான் வேட்டியைப் பிழிந்து தந்து முடித்தார்: “மண்ணு வச்சுக் கட்டிருந்தா சுவரு மட்டும் கரைஞ்சு போயிருக்கும்வே. தூணு நின்னிருக்கும்.”

வெள்ளம் வடிந்தபின் ஓவர்சீயர் வந்தார். ‘கட்டடம் மிகப் பழமையானதாகையால் தானே விழுந்தது’ என்று எழுதினார். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “சாட்சிக் கையெழுத்துப் போடுலே.” போட்டேன். ஜெயிலுக்குப் பயந்தவன் வேறென்ன செய்வான்? மை சிந்தாமல் நான் எழுதிய முதல் எழுத்து அதுதான்.

இரும்புப் பலகை மட்டும் மேட்டில் அசையாமல் நின்றது. அது போர்டு சொத்தாயிற்றே, அதற்குக் காவல் தொடரலாம் என்று உத்தரவு வந்தது. வெறும் மணலுக்கு முன்னால் இன்னும் ஒரு வருஷம் பலகையைக் காத்தேன். மழை வந்தால் ஒரு பெண்பிள்ளை மட்டும் அதன் மறைவில் ஒண்டலாம், பாதி நனைந்துகொண்டு. பெரும்பாலும் மாடத்தி.

கல்யாணமான புதிதில் இதை என் மனைவி எஸ்தரிடம் சொல்லித் தொலைத்தேன். அதோடு வீட்டில் நிரந்தரமாயிற்று. ஊறுகாய் ஜாடி வந்தால், “அப்பா கையில குடுக்காதிய, சுவரு கட்டிருவாக.” பேத்தி பிறந்தபோதும் அதையே சொன்னார்கள். தெருவில் மழை பிடித்து, மோர்க்காரியோ விறகுக்காரனோ வாசலில் நின்றால் எஸ்தர் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: “உள்ள வரச் சொல்லுங்க. கல்லு நனைஞ்சா நனையட்டும்.”

பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவைத் திறப்பேன். திருட்டுப் பயம் இந்தத் தெருவிலேயே எனக்குத்தான் அதிகம். ஆனாலும் அந்தக் கதவுக்கு இதுவரை நான் ஒரு பூட்டு வாங்கவில்லை.