ஒரு டீஸ்பூன் திருட்டு

துவைக்கப் போடுவதற்காகத் துணிப்பையை மனைவி உதறியபோது, அதிலிருந்து ஒரு டீஸ்பூன் விழுந்து தரையில் கிணிங் என்றது.

"இது நம்ம வீட்டு ஸ்பூன் இல்லையே" என்றாள்.

ஆய்வாளர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஸ்பூனின் காம்பில் பூங்கொடி போட்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் இதே கொடியைப் பார்த்துக்கொண்டுதான் அவர் டீயில் சர்க்கரை கலக்கினார். கலக்கிய இடம் அவருடைய பழைய மேலதிகாரியின் வீடு. ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கும் பெரியவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பார்த்துவிட்டு வரலாம் என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு, இந்தப் பையில்தான் பழம் கொண்டுபோயிருந்தார்.

பை அக்காவுடையது.

ஆய்வாளருக்கு வியர்த்துவிட்டது. வண்டி ஓட்ட லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களுக்கு டெஸ்ட் வைப்பது அவர் வேலை. திரும்பும்போது சிக்னல் போட மறந்தால் அவரிடம் ஃபெயில்தான். சொந்த மைத்துனனே இரண்டு தடவை ஃபெயிலாகி, மூன்றாம் தடவை வேறு ஆபீஸுக்குப் போய் பாஸானான். வெளியே அவருக்கு 'சிவப்பு விளக்கு' என்று பெயர். அப்படிப்பட்டவரையே கிடுகிடுக்க வைத்தவர் அந்த மேலதிகாரி. ஆபீஸ் பென்சிலைக் காதில் செருகியபடி மறந்துபோய் வீட்டுக்குக் கிளம்பிய ஒருவரைத் தெருமுனைவரை துரத்திப் போய்ப் பென்சிலோடு திரும்பி வந்தவர்.

அக்கா வேறு மாதிரி. கணவர் காலமான பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். தங்கமான மனுஷி. கைதான் கொஞ்சம் நீளம். ஹோட்டலுக்குப் போனால் சர்க்கரைப் பொட்டலம், பல் டாக்டரிடம் போனால் பஞ்சு, பேங்க்குக்குப் போனால் குண்டூசி. எதுவும் பெரிதாக இருக்காது. எதற்கும் உபயோகப்படவும் செய்யாது.

"அக்கா, இது எப்படி உன் பையில வந்தது?"

அக்கா ஸ்பூனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தெரியலையே. நான் எடுக்கலை."

"பின்ன, அதுவா நடந்து வந்து பையில ஏறிக்கிச்சா?"

"எடுக்கலைன்னா எடுக்கலை. ஆனா, எடுத்திருந்தாலும் அது ஒண்ணும் கொலைக்குத்தம் இல்லை."

அந்த 'ஆனா'தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"அப்போ திருடறது தப்பில்லைங்கறே."

"திருட்டுன்னா, பறிகொடுத்தவன் வயிறு எரியணும். எந்த ஹோட்டல்காரனாவது சர்க்கரைப் பொட்டலம் போச்சேன்னு அழுது பார்த்திருக்கியா?"

"எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு எடுத்தா என்ன ஆகும்?"

"எல்லாரும் எங்கே எடுக்கறாங்க? நான் ஒருத்திதானே எடுக்கறேன்."

ஆய்வாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "பொட்டலத்தை விடு. இது செட்டு ஸ்பூன். ஒண்ணு குறைஞ்சா அவர் கண்டுபிடிச்சிடுவார்."

"அவருக்குத்தான் இன்னும் கண்ணு சரியாத் தெரியலையே" என்றாள் அக்கா.

யோசித்ததில், ஓசைப்படாமல் போய் ஸ்பூனை இருந்த இடத்தில் வைத்துவிடுவது என்று ஆய்வாளர் முடிவு செய்தார். அக்கா பெரியவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். இவர் கை கழுவுகிற சாக்கில் உள்ளே போக வேண்டும்.

அடுத்த நாளே மறுபடியும் பழம் வாங்கிக்கொண்டு போய் நின்றார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரியவரே கதவைத் திறந்தார்.

"அடடே, மறுபடியுமா? வாங்க வாங்க. டீ குடிக்காம விடமாட்டேன்." பையைத் தானே வாங்கிக்கொண்டு உள்ளே போய், பழத்தை எடுத்து வைத்துவிட்டுப் பையை அக்காவிடம் கொடுத்தார். அவர் இவ்வளவு கலகலப்பாகப் பேசி ஆய்வாளர் பார்த்ததே இல்லை.

அக்கா கண் சொட்டு மருந்தைப் பற்றி ஆரம்பித்தாள். ஆய்வாளர் சாப்பாட்டு அறைக்குள் நழுவினார். மேஜைமேல் ஸ்பூன் ஸ்டாண்ட் இருந்தது. சட்டைப்பையிலிருந்து ஸ்பூனை எடுத்து அதில் போட்டார். போட்ட கையின் கஃப் பட்டன் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டது. கையை இழுத்தார். ஸ்டாண்ட் கையோடு வந்து, ஒரு கணம் யோசித்துவிட்டுத் தரையில் விழுந்தது. அதில் இருந்ததென்னவோ மூன்றே ஸ்பூன்கள். சத்தம் முப்பது ஸ்பூனுக்குக் கேட்டது.

சமையல்காரர் ஓடிவந்தபோது, ஆய்வாளர் மேஜைக்கு அடியில் கை நிறைய ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தார்.

"ஸ்பூன் வேணும்னா என்கிட்டே கேட்டிருக்கலாமே சார்" என்றார் சமையல்காரர், வருத்தமாக.

"அங்கே என்னப்பா சத்தம்?" என்று கூடத்திலிருந்து பெரியவர் குரல் வந்தது.

"ஒண்ணுமில்லை ஐயா. சார் ஸ்பூன் எடுக்கறார்."

"எதுக்கு?"

ஆய்வாளர் வாயில் வந்ததைச் சொன்னார். "இருமல் மருந்து குடிக்கணும் சார், அதுக்குத்தான்."

"இருமலா? சொல்லவே இல்லையே. என்கிட்டே நல்ல மருந்து இருக்கு, கொண்டுவரச் சொல்றேன்."

கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தார்கள். இருமலே இல்லாத ஆய்வாளர், அதே கொடிபோட்ட ஸ்பூனில் இரண்டு ஸ்பூன் கசப்பு மருந்தைப் பெரியவர் எதிரிலேயே குடித்தார். இரண்டாவது ஸ்பூனில் உண்மையாகவே இருமல் வந்துவிட்டது.

என்றாலும் போன காரியம் முடிந்தது. திரும்பி வரும்போது ஆய்வாளர் சீட்டியடித்துக்கொண்டுதான் காரை ஓட்டினார். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. அப்போது காருக்குள் மணி அடிக்க ஆரம்பித்தது.

பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா பைக்குள் கையை விட்டாள். வெளியே வந்த கையில் ஒரு சின்ன டைம்பீஸ் இருந்தது. பெரியவர் வீட்டு அலமாரியில் இருந்ததுதான். இரண்டு பேரும் அதன் தலையில் மாற்றி மாற்றித் தட்டினார்கள். அது தன் கடமை முடிந்த பிறகுதான் நின்றது.

"இதையும் எடுக்கலைன்னு சொல்லப்போறியா?"

"எடுக்கலை."

"ஆனா?"

"ஆனாவெல்லாம் ஒண்ணும் இல்லை. நான் எடுக்கலைடா."

ஆய்வாளருக்குக் கோபம் தலைக்கேறியது. "உன்னை நம்பி ஒரு வீட்டு வாசப்படி ஏற முடியலை அக்கா. நாலு பேர் நடுவுல என் மானம் போறதுக்கு முன்னாடி உன் கையைக் கட்டிப்போடு, இல்லைன்னா வெளியே வராதே."

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது. விளக்கு பச்சையானது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

மறுநாள் காலையில் அக்கா பெட்டியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தங்கச்சி வீட்டுக்குப் போகிறாளாம். எப்போது வருவாள் என்று மனைவி கேட்டதற்குப் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று மனைவி அவர் காதைக் கடித்தாள். ஆய்வாளர் ஒரு வார்த்தைதான் சொன்னார். "வண்டியை எடுக்கறேன்" என்றார்.

அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். பைக்குள் டைம்பீஸ் டிக் டிக் என்றது.

"போற வழியில பெரியவர் வீட்டுல நிறுத்து."

"எதுக்கு?"

"நான்தான் எடுத்தேன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போறேன். நான் எப்படியும் இங்கேயிருந்து போறவ. எனக்கு என்ன? உன் பேர் கெடக்கூடாது."

"எடுக்கலைன்னு சொன்னியே."

"எடுக்கலைதான். நீ நம்பலையே. யாராவது ஒருத்தர் எடுத்ததா இருந்தாத்தானே விஷயம் முடியும்."

பெரியவர் தெருவுக்குள் திரும்பும்போது ஆய்வாளர் சிக்னல் போட மறந்தார்.

பெரியவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வழக்கம்போலப் பையை வாங்க நீட்டிய கையில் அக்கா டைம்பீஸை எடுத்து வைத்தாள்.

"சார், இதை நான்தான்..."

"நான்தான் எடுத்தேன் சார்" என்றார் ஆய்வாளர்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். "இவன் பொய் சொல்றான் சார்."

"இவளுக்கு ஒண்ணும் தெரியாது சார். ஸ்பூனையும் நான்தான் எடுத்தேன்."

பெரியவர் டைம்பீஸைக் காதில் வைத்துக் கேட்டார். நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். டெஸ்டில் ஃபெயிலானவன் கேட்பதுபோல மெல்லக் கேட்டார்.

"ஒருத்தருக்குத் தெரியாம சின்னதா ஒண்ணை இடம் மாத்தினா... மனசுல கெட்ட எண்ணம் இல்லைன்னா... அது பெரிய தப்பாம்மா?"

"யாரோட வயிறும் எரியாதவரைக்கும் தப்பில்லை சார்" என்றாள் அக்கா.

"நீ என்னப்பா சொல்றே?"

"தப்பு தப்புதான் சார்" என்றார் ஆய்வாளர். அக்காவின் பெட்டி ஏறியிருந்த கார் கண்ணில் பட்டது. "ஆனா, எடுத்தது யாருன்னும் பார்க்கணும் சார்."

பெரியவருடைய முகம் மலர்ந்தது. தண்டனை ஒன்றும் இல்லை, டீ குடித்துவிட்டுப் போனால் போதும் என்று சொல்லிவிட்டார். டீ முடிந்ததும் பையை அவரே வாசல்வரை தூக்கிவந்து அக்காவின் கையில் கொடுத்தார்.

காரில் ஏறியதும் அக்கா கேட்டாள். "நீ ஏன்டா பொய் சொன்னே?"

"நீ சொல்லும்போது எனக்குப் பார்த்துட்டு இருக்க முடியலை."

"தங்கச்சி காத்திட்டிருப்பாளே."

"அடுத்த மாசம் எல்லாருமா போகலாம்னு போன் பண்ணிடறேன்." ஆய்வாளர் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

அப்போது "சார், சார்" என்று கரண்டியும் கையுமாகச் சமையல்காரர் ஓடிவந்தார். ஜன்னல் வழியாகக் குனிந்து, வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"அம்மா, அந்தப் பையைக் கொஞ்சம் பாருங்க. டீ வடிகட்டி இருக்கும். வேற சாமானா இருந்தா மெதுவாக் கொண்டுவந்தாப் போதும், இது இல்லாம எனக்கு வேலை ஓடாது."

அக்கா பையை விரித்தாள். ஈரம்கூடக் காயாமல், ஒட்டியிருந்த டீத்தூளோடு வடிகட்டி கிடந்தது.

அவள் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். "நான் எடுக்கலைடா."

"நீங்க எங்கேம்மா எடுத்தீங்க?" என்றார் சமையல்காரர், வடிகட்டியை வாங்கி உதறிக்கொண்டே. "திருப்பிக் குடுக்கறதுக்காவது இன்னொரு தடவை வருவாங்கன்னு, வர்றவங்க பையில எல்லாம் ஐயாதான் எதையாவது போட்டு அனுப்புவார், இத்தனை வருஷத்துல திருப்பிக் கொண்டுவந்தது நீங்க ரெண்டு பேர்தான்."